எஞ்சின் கூண்டிலிருந்து ஒரு வரலாறு: இந்தியா வந்துசேராத ஆர் 101

1. கேள்வி

புழல் ஏரியின் உபரிநீர் எண்ணூர்க் கழிமுகத்தைத் தேடி ஓடும் வழியில், கடலுக்கு முன்னால் கடைசியாகத் தொட்டுச் செல்லும் ஊர்களில் ஒன்று சடையங்குப்பம். ஒரு பக்கம் நீரும் சேறும், மறுபக்கம் மணலி ஆலைகளின் புகைபோக்கிகள். இந்தப் பகுதியில் நேரத்தைச் சொல்வது ஷிப்ட்தான். மணலி ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த என் சித்தப்பா புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இது: "ரிலீவர் வந்து பக்கத்துல நிக்கணும். லாக் புக்குல கையெழுத்துப் போடணும். அப்புறந்தான் நீ நாற்காலிய விட்டு எழுந்திருக்கணும்."

1930 அக்டோபர் 5 அதிகாலை, பிரான்சின் போவே நகருக்கு அருகே அலோன் என்ற ஊரில் ஆர் 101 என்ற பிரிட்டிஷ் ஆகாயக் கப்பல் விழுந்து எரிந்தது. இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல் அது. அதைப் பற்றிய விசாரணை அறிக்கையை நான் படிக்கத் தொடங்கியது வேறு காரணத்துக்காக. ஆனால் படிக்கப் படிக்க மனத்தில் தங்கியது ஒரு ரிலீவரின் கதை. இரவு 2 மணிக்கு வேலை ஏற்கவேண்டிய ஜோ பிங்க்ஸ் என்ற எஞ்சின் பணியாளர் சில நிமிடம் தாமதமாக வந்தார். அவருக்காகக் காத்திருந்த ஆர்தர் பெல், அவர் வந்தபிறகும் உடனே கிளம்பாமல் பேசிக்கொண்டிருந்தார். இருவரும் பிழைத்தார்கள். கப்பலின் தலைமை அதிகாரிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இக்கட்டுரை ஆராயும் கேள்வி இதுதான்: ஆகாயக் கப்பல்களைச் செலுத்தியவர்களின் வரலாற்றை யாருடைய சொல்லைக் கொண்டு எழுதியிருக்கிறோம்? அந்தச் சாட்சியம் எவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுபோகும்?

2. இதுவரை சொல்லப்பட்டவை

முதலில் கப்பலைப் பற்றி. பலூனுக்கு வடிவம் கொடுப்பது உள்ளிருக்கும் வாயு. ஜெர்மனியின் செப்பலின் பிரபு 1900 ஜூலை 2 அன்று கான்ஸ்டன்ஸ் ஏரியின் மேல் பறக்கவிட்ட கப்பலுக்கு வடிவம் கொடுத்தது உலோகச் சட்டகம். சட்டகத்துக்குள் தனித்தனி வாயுப் பைகள், சட்டகத்தின் மேல் துணிப் போர்வை. விமானத்தைப் போல ஒரே ஆள் அமர்ந்து செலுத்தும் வாகனமாக அது இருக்கவில்லை. கேப்டன், முறை அதிகாரி, திசைச் சுக்கான் பிடிக்க ஒரு சுக்கானி, ஏற்ற இறக்கச் சுக்கான் பிடிக்க இன்னொரு சுக்கானி, வெளியே தொங்கும் கூண்டுகளில் எஞ்சின் பணியாளர்கள் என்று, கடற்கப்பலின் ஒழுங்கு அப்படியே வானுக்கு ஏறியது. ராயபுரம் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு இதில் விளங்காதது எதுவும் இருந்திருக்காது.

ஆர் 101 பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் மூன்று தடங்களில் செல்கின்றன. முதலாவது, 1931இல் வெளியான அதிகாரபூர்வ விசாரணை அறிக்கை. இந்த விசாரணைக்குத் தலைமை ஏற்றவர் சர் ஜான் சைமன். 1928 பிப்ரவரியில் எந்த மனிதரின் வருகையை எதிர்த்துச் சென்னையில் கடையடைப்பு நடந்து போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போனதோ, அதே சைமன். கப்பலின் முன்பகுதிப் பையிலிருந்து வாயு வெளியேறியதே வீழ்ச்சிக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று அறிக்கை முடிவு செய்தது. பொதுக் கொள்கை சார்ந்த காரணங்கள் இல்லாதிருந்தால் கப்பல் அன்று மாலை இந்தியாவுக்குக் கிளம்பியிருக்காது என்பதையும் அது நிதானமான சொற்களில் ஒப்புக்கொண்டது.

இரண்டாவது தடம் நெவில் ஷூட்டுடையது. பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற இவர், போட்டிக் கப்பலான ஆர் 100ஐக் கட்டிய குழுவில் பார்ன்ஸ் வாலிஸின் கீழ் பணியாற்றியவர். 1954இல் வெளியான அவருடைய தன்வரலாறு, அரசு கட்டிய ஆர் 101ஐயும் விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபுவையும் கடுமையாகச் சாடியது. பலருடைய மனத்திலும் இன்றுவரை நிற்பது இந்தச் சித்திரமே. அதை எழுதியவர் போட்டியாளர் என்பதை மறந்துவிட்டுப் படிக்கக்கூடாது. மூன்றாவது தடத்தில் வருபவர்கள் ஆய்வாளர்கள். 1961இல் ராபின் ஹைகம் பிரிட்டிஷ் கப்பல்களின் நிர்வாக வரலாற்றை ஆவணங்களைக் கொண்டு எழுதினார். 1982இல் பீட்டர் மேஸ்ஃபீல்ட் ஆர் 101 பக்கத்து நியாயங்களை விரிவாக எடுத்துவைத்தார்.

இம்மூன்று தடங்களிலும் இந்தியா வெறும் சேருமிடமாக, வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டுமே வருகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. இந்தியா அந்தக் கப்பலின் வடிவமைப்புக்குள்ளேயே இருந்தது.

3. கப்பலுக்குள் இருந்த இந்திய வெயில்

ஆர் 100இல் பெட்ரோல் எஞ்சின்கள். ஆர் 101இல் ஐந்து பியர்ட்மோர் டொர்னாடோ டீசல் எஞ்சின்கள். எகிப்து, இந்தியா வழியில் உள்ள வெப்பத்தில் பெட்ரோல் ஆவியாகித் தீப்பிடிக்கும் என்ற அச்சமே இதற்குக் காரணம். டீசல் எளிதில் பற்றாது. ஆனால் எஞ்சின் கனமானது. ஐந்தும் துணைக்கருவிகளோடு சேர்ந்து சுமார் 17 டன். வேதனை என்னவென்றால், அந்த டீசல் எஞ்சினை முடுக்கிவிட ஒவ்வொரு கூண்டிலும் ஒரு சிறு பெட்ரோல் எஞ்சின் வைக்கவேண்டியிருந்தது. பெட்ரோல் எஞ்சின் பூட்டிய ஆர் 100, 1930 ஜூலை இறுதியில் கனடாவுக்குப் புறப்பட்டு ஆகஸ்டில் பத்திரமாகத் திரும்பியது. வெயில் நாட்டுக்கு அதை அனுப்பத் துணியவில்லை.

இந்தப் பாரம் எங்கே கொண்டுபோய் விட்டது? எரிபொருள், பயணிகள், சரக்கு ஆகியவற்றுக்கென 60 டன் தூக்கும் திறன் இருக்கவேண்டும் என்று திட்டமிட்ட கப்பல், கட்டி முடித்தபோது 35 டன்தான் தூக்கியது. பற்றாக்குறையை ஈடுகட்ட 1930 கோடையில் கப்பலை நடுவில் வெட்டி, ஒரு புதிய பகுதியையும் வாயுப் பையையும் செருகினார்கள். நீளம் 777 அடி ஆயிற்று. மொத்தத் தூக்குதிறன் சுமார் 167 டன்.

இங்கே ஒரு சிறு கணக்கு. காற்றின் வெப்பநிலை 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறினால் அதன் அடர்த்தி சுமார் ஆறரை விழுக்காடு குறையும். பைகளை முழுக்க நிரப்பிக்கொண்டு, ஆர் 101 சேரவேண்டிய அன்றைய இந்தியாவின் கராச்சியிலிருந்து பகல் வெயிலில் கிளம்பும் கப்பலுக்கு அதே விகிதத்தில் தூக்குதிறன் குறையும். 167 டன்னில் அது ஏறக்குறைய 11 டன். கடைசிப் பயணத்துக்கு ஆர் 101 ஏற்றிய எரிபொருளே சுமார் 25 டன்தான். ஒரு மே மாதப் பகலில் மணலி சாலையில் நிற்பவருக்கு உறைக்கும் வெயில், அந்தக் கப்பலின் எரிபொருளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான எடையைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்.

வெப்ப நாட்டு வானம் ஆகாயக் கப்பலை என்ன செய்யும் என்பதற்கு முன்னரே ஒரு சாட்சி இருந்தது. 1917 நவம்பரில் ஜெர்மன் கடற்படையின் எல் 59, கேப்டன் பாக்ஹோல்ட் தலைமையில் பல்கேரியாவிலிருந்து புறப்பட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவில் போரிட்ட படைக்குப் பொருள் கொண்டுசென்றது. சூடானின் கார்ட்டூம் வட்டாரம் வரை போய்த் திருப்பி அழைக்கப்பட்டு, 95 மணி நேரத்தில் 6,757 கிலோமீட்டர் பறந்து திரும்பியது. பகலில் பாலைவனத்து அனல் கப்பலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இரவில் வாயு குளிர்ந்து சுருங்க, கப்பல் தரையில் மோதும் அளவுக்கு இறங்கியது.

இவற்றை மட்டும் வைத்து, வெயிலே ஆகாயக் கப்பலை இந்தியாவுக்கு வரவிடவில்லை என்று முடிவுகட்டிவிடலாம். நானும் சில காலம் அப்படி எண்ணியிருந்தேன். அந்த முடிவு தவறு. 1930 மே மாதத்திலேயே, ஹூகோ எக்கெனர் தலைமையில் கிராஃப் செப்பலின் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் பிரேசிலின் ரெசிபே நகருக்குப் போய் இறங்கியது. ரெசிபே நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8 டிகிரியில், கடலை ஒட்டிய ஊர். சென்னையைவிட நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. 1932 முதல் அங்கே அட்டவணை போட்டுச் சேவை நடந்தது. ஜெர்மானியர் எடையைக் கையாண்ட விதமே வேறு. கிராஃப் செப்பலினின் எஞ்சின்கள் பிளாவ் வாயுவில் ஓடின. அதன் எடை காற்றின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதால், எரிந்து தீரத் தீரக் கப்பல் இலேசாகாது. சமன்செய்ய ஹைட்ரஜனை வெளியே விடவேண்டியதும் இல்லை. ஆக, வெயில் ஒரு தடை. கடக்க முடியாத தடை என்று அதைச் சொல்ல முடியாது.

ஒரு வேறுபாட்டை மட்டும் ஒத்துக்கொள்ளவேண்டும். ரெசிபே அமைந்த தென் அட்லாண்டிக்கில் சூறாவளி அபூர்வம். வங்கக்கடல் அப்படிப்பட்டதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கால்வாயில் வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகமெங்கும் படர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. 1925இல் அமெரிக்க ஆகாயக் கப்பலான ஷெனந்தோவாவை ஒஹையோவின் மேல் முறித்ததும், 1933இல் ஏக்ரானைக் கடலில் தள்ளி 73 பேரைக் கொன்றதும் புயற்காற்றுதான். கராச்சியைத் தாண்டிச் சென்னைக்கு ஒரு வழித்தடம் நீண்டிருந்தால், ஐப்பசி கார்த்திகை அடைமழை அதைச் சோதித்துப் பார்த்திருக்கும்.

4. ஆய்வாளரின் கடிதம்

ஆர் 101ஐச் செலுத்தியவர்கள் திறமை குறைந்தவர்களா? கிடைக்கும் சான்றுகள் இதற்கு நேர்மாறு. உடன் சென்ற மேஜர் ஸ்காட், 1919இல் ஆர் 34ஐ அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஓட்டிச் சென்று திரும்பக் கொண்டுவந்தவர். வழிகாட்டி ஜான்ஸ்டன், பிரிட்டிஷ் விமானிகளுக்கும் வான்வழிகாட்டிகளுக்குமான சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். தலைமைச் சுக்கானி ஹன்ட், 1925 ஏப்ரலில் ஆர் 33 தன்னைக் கட்டியிருந்த கம்பத்திலிருந்து புயலில் பிய்த்துக்கொண்டு போனபோது உள்ளே இருந்து, ஒரு நாளுக்கும் மேல் போராடிக் கப்பலைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். கேப்டன் இர்வின், முதல் அதிகாரி ஆதர்ஸ்டன் இருவரும் பழுத்த அனுபவசாலிகள். கப்பலை அவசரப்படுத்துகிறார்கள் என்ற கவலை ஆதர்ஸ்டனின் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் எங்கே தேடுவது? தரையில்தான். 1930 ஜூலை 3 அன்று, கப்பல் கட்டப்பட்ட கார்டிங்டனில் தரச்சோதனை செய்யும் ஆய்வாளர் மெக்வேட் தம் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வாயுப் பைகள் மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வைத் துணியோடு ஒட்டிச் செய்யப்பட்டவை. இடம் போதவேண்டும் என்று பைகளைப் பிடித்திருந்த வலைகளைத் தளர்த்தியபோது, அவை சட்டகத்தின் முனைகளில் உராயத் தொடங்கின. முனைகளில் ஆயிரக்கணக்கில் மெத்தைத் துண்டுகளைச் சுற்றி ஒப்பேற்றினார்கள். இந்த ஒட்டுவேலை போதாது, பறக்கும் அனுமதியை நீட்டிக்கப் பரிந்துரைக்க இயலாது என்பதே மெக்வேட் எழுதியதன் சாரம். அந்தக் கடிதம், கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தவர்களிடமே கருத்துக்காகப் போனது. மெத்தை வைத்துச் சரிசெய்துவிடலாம் என்ற பதில் வந்ததும் விஷயம் அங்கேயே அடங்கிவிட்டது.

ஆலைப் பகுதியில் வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கடிதத்தை உணர்ச்சியற்றுப் படிக்க முடியாது. ஒரு விபத்தின் தொடக்கம் பலமுறை இப்படித்தான் இருக்கிறது: பார்க்கவேண்டியவர் பார்த்துவிட்டார், எழுதவேண்டியதை எழுதிவிட்டார், தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். யாரைப் பற்றிய புகாரோ அவரிடமே அந்தத் தாள் விளக்கம் கேட்டுப் போகிறது.

நீட்டித்த கப்பலைச் சோதித்தது ஒரே ஒரு முறை. அக்டோபர் 1, 2 தேதிகளில், சுமார் 17 மணி நேரம். அந்தப் பறப்பில் ஓர் எஞ்சினின் எண்ணெய்க் குளிரூட்டி பழுதானதால் முழு வேகச் சோதனை நடக்கவில்லை. பயணச் சான்றிதழ் புறப்படும் தறுவாயில் வந்துசேர்ந்தது. தாம்சன் பிரபு அக்டோபர் 20க்குள் பேரரசு மாநாட்டுக்குத் திரும்பவேண்டும். 1875இல் நாசிக்கில் பிறந்த இவர் அடுத்த வைஸ்ராய் ஆகக்கூடும் என்ற பேச்சும் அன்று இருந்தது. அமைச்சரின் தேதி கப்பலின் தேதியாயிற்று. அதிகாரிகள் மறுத்திருக்கலாமே என்று கேட்பது எளிது. கப்பலின் கேப்டன் இர்வின். அவருக்கு மேலே பயணப் பொறுப்பாளராக ஸ்காட். அதற்கும் மேலே அமைச்சரே பயணியாக. மறுக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பது அந்தக் கப்பலில் தெளிவாக இருக்கவில்லை.

5. கராச்சியின் வெற்றுக் கொட்டகை

கராச்சியில் கப்பலுக்காகச் சுமார் 850 அடி நீளமும் 170 அடி உயரமும் கொண்ட இரும்புக் கொட்டகை ஒன்று தயாராகிக் காத்திருந்தது. கப்பலில் இருந்த 54 பேரில் இந்தியர் எவரும் இல்லை. இந்திய அரசின் சார்பில் சென்றவர், சிவில் விமானத்துறைத் துணை இயக்குநரான ஓ'நீல், அவரும் இறந்தார். ஈராண்டு கழித்து, 1932 அக்டோபர் 15 அன்று, அதே கராச்சியின் டிரிக் ரோடு விமானத்தளத்திலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா தபால் பைகளோடு ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் பம்பாய்க்குப் பறந்தார். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். கப்பல் வராத கொட்டகை 1961 வரை நின்று, பிறகு பிரிக்கப்பட்டது.

6. இரவு 2 மணி

இனி சாட்சிகள். நள்ளிரவில் கப்பலிலிருந்து வந்த கம்பியில்லாத் தந்தி, பயணிகள் நன்றாகச் சாப்பிட்டு, புகைபிடித்து, படுக்கப் போய்விட்டார்கள் என்றது. 2 மணிக்கு முறை மாறியது. செலுத்தும் அறையிலும் எஞ்சின் கூண்டுகளிலும் களைத்த கைகளிடமிருந்து தூக்கக் கலக்கத்தோடு வந்த கைகளுக்குப் பொறுப்பு மாறிய நேரம். சில நிமிடங்களில் கப்பல் மூக்கைத் தாழ்த்திச் சரிந்தது, நிமிர்ந்தது, மறுபடி சரிந்து 2.09 வாக்கில் தரையைத் தொட்டது. மோதல் பெரிதாக இல்லை. கொன்றது அதன்பின் எழுந்த தீ. அந்நேரத்தில் முயலுக்குக் கண்ணி வைக்க வந்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் வெளியிலிருந்து அதைப் பார்த்தார்.

48 பேர் மாண்டார்கள். உயிர் தப்பிய ஆறு பேர்: பின்கூண்டில் பிங்க்ஸும் பெல்லும், நடுக்கூண்டுகளில் குக்கும் சேவரியும், புகைபிடிக்கும் அறையில் இருந்த எஞ்சின் மேற்பார்வையாளர் லீச், மின் பணியும் தந்திப் பணியும் பார்த்த டிஸ்லி. சுக்கானைப் பிடித்தவரோ அதற்கு ஆணையிட்டவரோ ஒருவரும் இல்லை. பிங்க்ஸின் கூண்டுக்கு மேலிருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து கொட்டியதால் அவர்கள் இருவரும் தீயிலிருந்து தப்பினார்கள். பிங்க்ஸ் நேரத்துக்கு வந்து பெல் படுக்கைக்குப் போயிருந்தால், அந்தக் கூண்டிலிருந்து ஒரே ஒரு சாட்சிதான் கிடைத்திருப்பார்.

இவர்கள் சொன்னதன் எல்லையை உணரவேண்டும். எஞ்சின் கூண்டு, கப்பலின் உடலுக்கு வெளியே தொங்கும் சிறிய முட்டை வடிவ அறை. ஏணி வழியாகக் காற்றின் வீச்சில் இறங்கித்தான் அதற்குள் போகவேண்டும். அங்கே உள்ளவருக்குச் செலுத்தும் அறை தெரியாது. பேச்சு கேட்காது. எஞ்சின் இரைச்சலில் தரை எவ்வளவு தூரம் என்பதும் தெரியாது. கூண்டுத் தளத்தின் சாய்வைக் கால் உணரும். மேலிடத்து ஆணையாக வருவது ஒன்றே ஒன்று: மணியடித்து முள்ளைத் திருப்பும் தந்திக் கருவி. வாயு எந்தப் பையிலிருந்து போனது, போர்வை எங்கே கிழிந்தது, புதிதாக முறை ஏற்ற சுக்கானியின் கை தாமதித்ததா என்பதற்கெல்லாம் நூல்களில் உறுதியான விடைகளைப் படிக்கிறோம். அவ்விடைகள் ஊகத்தாலும் மாதிரிச் சோதனைகளாலும் கட்டப்பட்டவை. ஓட்டியவர்களைக் குற்றவாளிகள் என்று எழுதியவர்களும் தியாகிகள் என்று எழுதியவர்களும், பார்த்தவர் எவரும் இல்லாத ஓர் அறையைப் பற்றித்தான் எழுதினார்கள்.

அந்த அறையிலிருந்து வெளியே வந்த தடயங்கள் இரண்டு. ஒன்று டிஸ்லியிடமிருந்து: ஹன்ட் அவர் இருந்த பக்கமாக ஓடிவந்து, கீழே வந்துவிட்டோம் என்று சொல்லி எழுப்பிவிட்டு, மற்றவர்களை எழுப்ப அப்பால் போனார். டிஸ்லி பிழைத்தார், ஹன்ட் இறந்தார். அறிவிப்பு கொடுக்கும் அளவுக்கு அங்கே நிலைமை புரிந்திருந்தது என்பதற்கு அது சான்று. மற்றொன்று எஞ்சின் கூண்டுகளிலிருந்து. இரண்டாவது சரிவின்போது தந்திக் கருவியின் மணி அடித்தது. முள் 'மெதுவாக' என்ற இடத்துக்கு வந்து நின்றது. கூண்டில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார்கள். தரை கப்பலைத் தொடும்முன் செலுத்தும் அறையில் ஒருவர் நிலைமையை உணர்ந்து, முடிவெடுத்து, கைப்பிடியைத் திருப்பியிருக்கிறார். அந்தக் கை யாருடையது என்று சொல்ல ஆளில்லை. ஆணை போய்ச் சேர்ந்தது.